முகத்துடிப்பும் பெற்றோர் கவலையும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர் பெரியோர். ஆயினும் முகத்தில் தோன்றுவன யாவும் அகத்தின் குற்றங்கள் ஆகிவிடமாட்டா. வளர்ந்த மகன் பேசும்போதெல்லாம் கண்களை இறுக மூடித் திறக்கிறான், மூக்கைச் சுளிக்கிறான், வாயைக் கோணுகிறான். பரிகசிக்கிறான் என்று சிலரும், புத்தி தடுமாறிவிட்டது என்று சிலரும் எண்ணுகின்றனர். நேர்முகப் பரீட்சையாயினும் பெண் பார்க்கும் வீடாயினும், அவனுடைய திறமைக்கு முன் அவன் முகமே பேசிவிடுகிறது.

வட்டவளை போன்ற தோட்டப்புறங்களில் இக்கவலை இரட்டிப்பாகும். லயத்தில் ஒரு வீட்டுச் செய்தி மறு வீட்டுக்கு மறைவதில்லை. திருஷ்டி கழித்தும் தாயத்துக் கட்டியும் பயன் காணாத பெற்றோர், "சிறு வயதிலேயே கண்டித்திருக்கலாமோ?" என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். அந்த நோவு வேண்டுவதில்லை. இது வளர்ப்பின் பிழையன்று. மூளை சார்ந்த ஒரு நிலை.

பிரான்சு தேசத்து வைத்தியர் ஜோர்ஜ் ஜில் டி லா டூரெட் 1885ஆம் ஆண்டில் இத்தகைய ஒன்பது நோயாளரைப் பற்றி விரிவாக எழுதினார். உடலசைவுகள் பலவற்றோடு தொண்டையைச் செருமுதல் போன்ற ஒலிகளும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடிப்பின், அது இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அசைவு மட்டும் நீடிப்பதும் உண்டு. அசைவுகளை ஒழுங்குசெய்யும் மூளையின் உட்பகுதிகளில் நேரும் மாற்றமே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு.

பெரும்பாலும் இது ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கும். பத்து, பன்னிரண்டு வயதில் மிகும். வாலிபத்தில் பலருக்குத் தணியும். சிலருக்கே பின்னரும் நீடிக்கும். தும்மல் வருமுன் தோன்றும் உணர்வு போன்றதோர் உந்துதல் முதலில் எழுகிறது. சற்று நேரம் அடக்கலாம். அடக்க அடக்க உந்துதல் வளரும். களைப்பிலும் மனக்கலக்கத்திலும் துடிப்பு மிகும். வேலையில் மனம் ஒன்றுகையில் குறையும்.

ஆயினும் முகத்துடிப்பு எல்லாம் ஒன்றல்ல. நடுவயதில் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடித்து, உறக்கத்திலும் தொடர்ந்தால், அது முகநரம்பை இரத்தக்குழாய் அழுத்துவதால் இருக்கலாம். அதற்குரிய சிகிச்சை வேறு. சில மருந்துகளாலும் முகத்தில் அசைவுகள் தோன்றலாம். திடீரென வாய் ஒருபுறம் தொய்ந்தால் ஒரு நாழிகையும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

ஆதலால் முதற்கடமை, துடிப்பின் வகையை அறிதல். வட்டவளையினர் ஹட்டன் வழியாக, இந்திய உதவியுடன் கட்டப்பெற்று 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குச் செல்லலாம். தேவைப்படின் அங்கிருந்து கடிதம் பெற்றுக் கண்டியில் நரம்பியல் நிபுணரைக் காணலாம். வைத்தியர் முன் துடிப்பு அடங்கிவிடுவது வழக்கம். எனவே வீட்டிலேயே கைபேசியில் படம்பிடித்துச் செல்லுதல் நன்று.

துடிப்பு வாழ்க்கைக்கு இடையூறு செய்யாவிடின் மருந்தே வேண்டியதில்லை. இடையூறாயின், உந்துதல் எழும்போது அதற்கு மாறான அசைவொன்றைச் செய்யப் பழக்கும் பயிற்சி உண்டு, மருந்துகளும் உண்டு. இவை துடிப்பைத் தணிக்குமேயன்றி வேரோடு களையும் என்று வாக்களிக்க இயலாது.

இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் சொலிஹல் பாடசாலைத் தலைமையாசிரியர் பதவியை நாடினார். அவர் முகத்தைக் கோணுவது மாணவரைப் பாதிக்குமோ என்ற அச்சமும் சேர, பதவி மறுக்கப்பட்டது. அவரே 1755இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன். பிற்கால வைத்தியர் பலர் அவருக்கு இந்நிலையே இருந்ததெனக் கருதுகின்றனர். அன்று அப்பாடசாலை இழந்தது எத்தகைய ஆசிரியரை!

"மூக்கைச் சுளிக்காதே" என்று நாளும் கண்டிப்பதால் துடிப்பு பெருகுமேயன்றிக் குறையாது. வீட்டார் அதனைக் காணாததுபோல் இருந்து, அவன் சொல்வதைச் செவிமடுக்கட்டும். பெண் வீட்டாரிடமும் மறைக்காது எடுத்துரைக்கட்டும். மறைத்தால் சந்தேகம் வளரும். விளக்கினால் அச்சம் விலகும்.