பங்குனியில் வடக்கு நோக்கும் பட்சிகளும் நமது குடியானவர்களும்

மாசி மாதம் பாதி கழிந்ததும் தென்பாண்டிக் கரிசல் காடுகளில் ஒரு காட்சியைக் காணலாம். அறுவடையான சோளத்தட்டைகளுக்கு மேலாக, மைனாப் பருமனுள்ள பட்சிகள் நூற்றுக்கணக்கில் மேகம்போல் எழும்பி, ஒருமிக்கத் திரும்பி, ஒருமிக்கவே இறங்கும். தலையும் சிறகும் வாலும் கறுப்பு. முதுகும் வயிறும் ரோஜா நிறம். தலையில் ஒரு சிறு கொண்டையும் உண்டு. இவற்றை நம்மவர் சூறைக்குருவி என்றும் சோளப்பட்சி என்றும் அழைக்கின்றனர். கூட்டத்தைக் கண்டவுடன், "சூறை வந்துவிட்டது" என்று கூவித் தகரத்தை எடுத்துத் தட்டுவார்கள். உண்மையில் அவை அச்சமயம் வருவதில்லை. புறப்படுவதற்கு ஆயத்தம் செய்கின்றன. இந்த வித்தியாசத்தைக் குடியானவர் அறிந்துகொள்வது மிக்க பிரயோஜனமுடையது என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுதலாயிற்று.

பட்சிகள் பயணப்படும் காரணம்

சூறைக்குருவி நம் நாட்டுக்கு ஆடி, ஆவணி முதலே வரத் தொடங்கி, சித்திரை முதல் வாரத்திற்குள் பெரும்பாலும் சென்றுவிடும். அதன் தாயகம் கிழக்கு ஐரோப்பா முதல் கஜகஸ்தான், சீனத்துச் சின்ஜியாங் வரையில் பரந்துள்ள புல்வெளிகள். அங்கே வைகாசி, ஆனி மாதங்களில் வெட்டுக்கிளிகள் பெருகும்போது, கற்குவியல்களின் இடுக்குகளில் ஆயிரக்கணக்காகக் கூடிக் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றது. குஞ்சுகளுக்கு முக்கிய ஆகாரம் வெட்டுக்கிளியே. இதை அறிந்த சின்ஜியாங் அதிகாரிகள் மேய்ச்சல் நிலங்களில் கற்களைக் குவித்துச் செயற்கைக் கூடுகள் அமைத்து, இப்பட்சியை வரவழைத்து வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்துகின்றனர். நாம் தகரமடித்து விரட்டும் பட்சிக்கு அவர்கள் வீடு கட்டிக் கொடுக்கின்றனர்.

தை மாதத்திற்குப் பின் பகற்பொழுது நாளுக்கு நாள் நீளுகின்றது. இம்மாறுதல் பட்சிகளின் உடலிலுள்ள சுரப்பிகளைத் தூண்டிப் பயண வேட்கையை உண்டாக்குகின்றது. அப்பொழுது அவை வழக்கத்தைவிட அதிகமாகத் தின்று, தோலின்கீழ்க் கொழுப்பைச் சேமித்துக்கொள்ளும். நெடுவழிப் பயணத்துக்கு இக்கொழுப்பே கட்டுச்சோறு. ஆகவே மாசி, பங்குனி மாதங்களில் அவை மிகுந்த பசியுடன் திரிவது இயற்கை. நமக்கு அவற்றின்மேல் கோபம் அதிகமாவதும், விஷம் வைத்தால் அவை அதிகமாக மடிவதும் இம்மாதங்களிலேதான்.

இவ்வருஷத்துக் குறிப்புகள்

கோயில்பட்டி, நாங்குநேரிப் பக்கங்களில் சுற்றுப்பிரயாணம் செய்யும்போது பயிர்க் குறிப்புடன் பட்சிக் குறிப்பும் எழுதிவைப்பது எனது வழக்கம். இவ்வருஷத்துக் குறிப்புகளில் சில வருமாறு:

மாசி 4-ந் தேதி: கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துக்கள் சுமார் 60. வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருப்பதால் அடையாளம் காண்பது எளிது. இவை திபெத்து, மங்கோலியா முதலிய தேசங்களில் குஞ்சு பொரிப்பவை. இமயமலையைக் கடந்து வருகின்றன. இவற்றின்மேல் கருவி பொருத்திச் சோதித்ததில் 7,000 மீட்டருக்கு அதிகமான உயரத்திலும் பறந்திருப்பதாகத் தெரிய வந்துள்ளது. பங்குனி 8-ந் தேதி மறுபடி சென்றபோது ஒன்றுகூட இல்லை.

மாசி 11-ந் தேதி: தரிசு நிலத்தில் பூனைப்பருந்து இரண்டு. தரையை ஒட்டித் தாழப் பறந்து, வெட்டுக்கிளியையும் சுண்டெலியையும் பிடிப்பது இதன் தொழில். கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்து என்று கருதி இதைக் கல்லால் அடிப்பது தவறு.

மாசி 20-ந் தேதி: குளத்துப் பாசன வயலில் உழவுக்குப் பின்னால் மஞ்சள் வாலாட்டிகள் 30-க்கு மேல். புரட்டிய மண்ணிலிருந்து வெளிப்படும் பூச்சிகளைப் பொறுக்கின. ஆண் பட்சிகளின் மங்கிய நிறம் மாறி, வயிறு பளிச்சென்ற மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இது புறப்பாட்டுக்கு அறிகுறி.

பங்குனி 2-ந் தேதி: சூறைக்குருவிகள் சுமார் 800. காலையில் முள்முருங்கைப் பூக்களில் தேன் குடித்தன. அப்பால் தரிசில் இறங்கின.

பங்குனி 25-ந் தேதி: கம்பிகளின்மேல் தகைவிலான் குருவிகள் வரிசையாக 140. பறந்தபடியே ஈயையும் அந்துப்பூச்சியையும் பிடிப்பவை.

சித்திரை 3-ந் தேதி: சூறைக்குருவிகள் 12 மட்டும். அதன்பின் காணவில்லை.

ஒரு சோளக்காட்டில் நடந்தது

மாசி மாதக் கடைசியில் ஒரு புன்செய்க் குடியானவர் என்னைத் தேடி வந்தார். மழை பிந்தியதால் பிந்தி விதைத்த மூன்று ஏக்கர் சோளம் அப்பொழுதுதான் முற்றிக்கொண்டிருந்தது. "ஐயா, ஊரெல்லாம் அறுத்தாயிற்று, மிச்சம் நிற்பது என் காடு ஒன்றுதான். சூறை முழுவதும் என் தலையிலேதான் இறங்குகிறது. குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வரப்பில் வைக்கலாம் என்று பார்க்கிறேன்" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. கடன் வாங்கி விதைத்தவர் அவர்.

அவருக்கு நான் சட்டத்தை முதலில் சொல்லவில்லை. என் பழைய பிழை ஒன்றையே சொன்னேன். டிப்ளோமா முடித்து உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், ஒரு நிலத்தில் வெட்டுக்கிளி மிகுந்திருப்பதைக் கண்டு, கடுமையான மருந்தொன்றைத் தெளிக்கும்படி யோசனை கூறினேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது வரப்போரத்தில் வாலாட்டிகள் 17 செத்துக் கிடந்தன. மருந்துபட்ட பூச்சிகளைத் தின்றதே காரணம் என்று அறிந்தேன். வெட்டுக்கிளிகளைத் தின்ன வந்த கூலியில்லா ஆட்களை நானே கொன்றவனானேன். அந்த எண்ணிக்கை இன்றும் என் பழைய குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றது.

இது நம் ஊரில் மாத்திரம் நிகழ்ந்ததன்று. 1995-96-ல் அர்ஜென்டினா தேசத்தில் வெட்டுக்கிளிக்காக மானோகுரோட்டபாஸ் என்ற மருந்தைத் தெளித்தனர். வட அமெரிக்காவிலிருந்து அங்கே வலசை சென்று வெட்டுக்கிளிகளையே தின்று வாழ்ந்த ஸ்வெயின்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அதன்பின் அவ்விடங்களில் அம்மருந்து விலக்கப்பட்டது.

"அண்ணாச்சி, விஷம் வைப்பதற்கு முன் இரண்டு நாள் காலையில் நாம் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். பார்த்தபின் முடிவு செய்யுங்கள்" என்றேன். சம்மதித்தார்.

இரண்டு நாளும் விடியுமுன் வரப்பில் உட்கார்ந்தோம். கூட்டம் முதலில் இறங்கியது பக்கத்துத் தரிசில். முன்னால் நிற்பவை பூச்சிகளைக் கிளப்ப, பின்னால் நிற்பவை அவற்றைத் தாண்டிப் பறந்து முன்னால் விழ, கூட்டம் முழுவதும் உருண்டு செல்வதுபோல் நகர்ந்தது. அலகில் வெட்டுக்கிளியைக் கவ்விய பட்சிகளை அவரே எனக்குச் சுட்டிக் காட்டினார். ஆனால் வெயில் ஏறியதும் ஒரு பகுதி சோளத்திலும் விழுந்தது. அதை மறைப்பதற்கில்லை. கதிர்களைச் சோதித்ததில், சேதம் பெரும்பாலும் வேலிமரத்தை அடுத்த நான்கைந்து சால்களிலேயே இருந்தது. மரத்தில் தங்கி, அங்கிருந்து இறங்கித் தின்று, மறுபடி மரத்திற்கே ஓடின.

ஆகவே காவல் முழுவதையும் அந்த ஓரத்திலேயே வைத்தோம். பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கட்டினோம். காலையிலும் மாலையிலும் அவர் வீட்டார் மாறிமாறித் தகரம் தட்டினர். அந்தச் சால்களில் முற்றிய கதிர்களை முதலில் கொய்துவிட்டோம். அறுவடை முடிந்தபின் அவர் கணக்குப்படி நஷ்டம் ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. "சரி, இது குருவிக்குக் கட்டிய தீர்வை" என்று சொன்னார். குருணை மருந்து டப்பா பிரிக்கப்படாமல் கடைக்கே திரும்பியது.

குடியானவர் செய்யத்தக்கவை

1. ஓர் ஊரார் கூடியவரையில் ஒரே சமயத்தில் விதைத்தல் வேண்டும். பிந்தி நிற்கும் ஒற்றைக் காட்டில்தான் பட்சிச் சேதம் அதிகம்.

2. சேதம் எந்த ஓரத்தில் என்று பார்த்தபின் காவல் வைத்தல் வேண்டும். கதிர் பால்பிடித்தது முதல் அறுவடை வரையில் காலையும் மாலையுமே முக்கியம்.

3. துவர்ப்புள்ள செந்நிறச் சோளத்தைப் பட்சிகள் அவ்வளவாக விரும்புவதில்லை. சேதம் ஓயாத இடங்களில் இதை யோசிக்கலாம்.

4. பயறு, உளுந்து நிலங்களில் பட்சிகள் உட்காருவதற்கு ஏக்கருக்கு 20 குச்சிகள் நட்டால் அவை காய்ப்புழுவைப் பொறுக்கும். தானியப் பயிரில் மணி பிடிக்கும் சமயம் இக்குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

5. விஷத் தானியம் வைத்தல் எக்காரணத்தாலும் கூடாது. கோழி, மயில், ஆடு, நாய் எல்லாம் அதில் மடியும். மேலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பட்சிகளைக் கொல்வது குற்றமாகும்.

முடிவுரை

பட்சியால் நஷ்டமே இல்லை என்று சொல்வது உண்மையன்று. நஷ்டம் நம் கண்ணெதிரே கதிரில் தெரிகின்றது. லாபமோ தின்னப்பட்ட பூச்சியோடு மறைந்துவிடுகின்றது. ஆதலால் நஷ்டத்தை மாத்திரம் எண்ணுகிறோம். செங்கற்பட்டு வேடந்தாங்கல் குடியானவர்கள் இதை வெகு காலத்திற்கு முன்பே சரியாக எண்ணினர். பட்சிகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு எருவாவதை அறிந்து, அவற்றை யாரும் சுடலாகாதென்று 1858-லேயே கலெக்டரிடம் உத்தரவு பெற்றனர். படித்தவர் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நேயர்களும் ஒரு சிறு நோட்டில் எந்தத் தேதியில், எந்தப் பட்சி, சுமார் எத்தனை, எந்தப் பயிரில், என்ன தின்றது என்ற ஐந்து விஷயங்களைக் குறித்துவரக் கோருகிறேன். பெருங்கூட்டமாயின் முதலில் பத்துப் பட்சிகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை அளவாகக் கொண்டு மற்றவற்றை மதிப்பிடலாம். பங்குனியில் கடைசியாகக் கண்ட நாளையும், ஆவணியில் முதலில் கண்ட நாளையும் தவறாமல் எழுதுக. இரண்டு மூன்று வருஷக் குறிப்புகள் சேர்ந்தால், எந்த வாரத்தில் காவல் வேண்டும், எந்த வாரத்தில் வேண்டியதில்லை என்பதை அவரவர் நோட்டே அவரவர்க்குச் சொல்லும்.