செட்டு வாங்கிய காலமும் சந்தா கட்டும் காலமும்

தஞ்சோங் ரம்புத்தானைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் செழித்திருந்த நாளில், வானொலி வாங்குவது என்றால் ஒரு பெட்டியை வாங்குவதுதான். எந்த நிலையத்தைக் கேட்பது என்று யாரும் யோசிக்கவில்லை. 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயா ஒரு நாளில் சில மணி நேரம் தமிழில் பேசியது. அந்த நேரத்துக்குக் காத்திருந்தார்கள். குடும்பத்தின் யோசனையெல்லாம் பெட்டியைப் பற்றியது. வால்வு செட்டா, டிரான்சிஸ்டரா? மின்சாரம் வராத லயத்தில் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் வைத்துக் கேட்க அரசாங்கமே வானொலிப் பெட்டிகளைக் கொடுத்தது. பால் வெட்டி முடித்து வந்தவர்கள் மாலையில் அதன் முன்னே உட்கார்ந்தார்கள். டார்ச்லைட்டுக்குப் போடும் பேட்டரியிலேயே பாடும் டிரான்சிஸ்டர் பரவிய பிறகுதான் வானொலி வீட்டுக்கு ஒன்றாயிற்று.

ஏரியல் கட்டுவது தனி வேலை. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதிலிருந்து இறங்கும் முனையை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து செட்டின் பின்பக்கத் துளையில் செருகுவார்கள். பிறகு குமிழைத் திருகி, முள்ளை மயிரிழையளவு நகர்த்தி, இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் குரலைப் பிடிக்க வேண்டும். அந்தக் கை வீட்டில் ஒருவருக்குத்தான் வாய்த்திருக்கும். மற்றவர்கள் செட்டைத் தொடமாட்டார்கள்.

இன்று குரல் வானத்திலிருந்தே இறங்குகிறது. 1996 ஜனவரியில் மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மியாசாட்-1 ஏவப்பட்டது. அதே ஆண்டு ஆஸ்ட்ரோ சேவை தொடங்கியது. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்தவர்களின் கூரைகளில் டிஷ் ஏறியது. பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு 91.5 பாகையில் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஆஸ்ட்ரோவின் கோள்கள் நிற்பதால், இந்த ஊர் டிஷ் கொஞ்சம் மேற்கே சாய்ந்து, ஏறக்குறைய உச்சிவானத்தையே பார்க்கிறது. தமிழ்ப் படங்களோடு வானொலியும் அதே டிகோடர் வழியாக வருகிறது. மாதச் சந்தா வேண்டாம் என்பவர்களுக்காக 2012இல் ஆஸ்ட்ரோவின் என்ஜோய் சேவை வந்தது: கருவிக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும்.

ஆதாயம் பெரிது, அதை மறுப்பதற்கில்லை. இரைச்சல் அறவே இல்லை. சில மணி நேரம் என்றிருந்த தமிழ் இருபத்துநான்கு மணி நேரமாயிற்று. அரசாங்கத்தின் மின்னல் எஃப்எம், தனியாரின் ராகா என்று தேர்ந்தெடுக்கவும் இடமுண்டு.

ஆனால் டிஷ் வழியாக வானொலி கேட்கத் தொலைக்காட்சியைப் போட்டாக வேண்டும். பால் வெட்டும் கத்தியைத் தீட்டியபடியோ, வாசலில் கீரை ஆய்ந்தபடியோ கேட்ட ஒன்று, கூடத்துச் சுவரோடு கட்டுண்டுவிட்டது. மழையும் பகை. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை கொட்டும்போது, டிஷ்ஷுக்கு வரும் மிக உயர்ந்த அதிர்வெண் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன. திரையில் சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு மட்டும் நிற்கும். அதே நேரத்தில், ஈப்போவின் கிளேடாங் மலையிலிருந்து வரும் எஃப்எம் அலையை மழை ஒன்றும் செய்வதில்லை. ஒரே வீட்டில் ராகாவை இரண்டு வழியிலும் வைத்துப் பாருங்கள்: எஃப்எம்மில் அறிவிப்பாளர் சொல்லி முடித்ததை டிஷ் பின்னால் வந்து சொல்லும். மேலே போய்த் திரும்ப மட்டுமே கால் நொடி. எண்ணாக மாற்றிப் பிரிக்கும் நேரம் அதற்கு மேல்.

செயற்கைக்கோள் வானொலிக்கென்றே கருவி வாங்கியவர்களின் கதையை நான் மறக்கமாட்டேன். 2000இல் ஏவப்பட்ட ஏசியாஸ்டார் வழியாக வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனம் ஆசியாவின் பெரும்பகுதிக்கு ஒலிபரப்பியது. உள்ளங்கை அகலத் தட்டை ஆண்டெனாவை ஜன்னலோரம் சரியான திசையில் சாய்த்து வைத்தால் போதும். கேஎல் ரேடியோ என்ற தமிழ் அலைவரிசையும் அதில் இருந்தது, இந்தியாவில் ஏ.ஆர். ரஹ்மான் வேர்ல்டுஸ்பேஸின் விளம்பர முகம். 2008இல் நிறுவனம் திவாலாகி, 2009 டிசம்பரோடு இந்தியச் சேவை நின்றது. கருவியில் பழுதில்லை, ஆண்டெனாவில் பழுதில்லை. ஆனாலும் அந்தப் பெட்டிகள் வாயடைத்துப் போயின. தாத்தா காலத்து டிரான்சிஸ்டர் எந்த நிறுவனத்தையும் நம்பியிருக்கவில்லை. ஒரு நிலையம் போனால் முள் அடுத்ததற்கு நகரும்.

இப்போது பிள்ளைகள் ராகாவைக் கைப்பேசிச் செயலியில் கேட்கிறார்கள், காதில் மாட்டிக்கொண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன பாட்டு என்று தெரியாது. ஒரு செட்டை லயமே கேட்ட காலத்தில் பாட்டுக்கும் செய்திக்கும் உடனே பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

இன்று வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது விலையையோ அலைவரிசைகளின் எண்ணிக்கையையோ அல்ல. சேவை நின்றால் கருவி எதற்கு ஆகும் என்பதைத்தான். படமும் வேண்டுமென்றால் டிஷ் வைக்கலாம். வானொலிக்காக மட்டும் என்றால், பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய எஃப்எம் செட்டு, மின்சாரம் போன மழை நாளிலும் மின்னலையும் ராகாவையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.