சின்ன நாய் குட்டி போடும் நேரம்

தெரு நாய் தானே குட்டி போடுகிறது. தானே நக்கிச் சுத்தம் செய்கிறது. தானே பால் கொடுக்கிறது. வீட்டில் வளரும் சின்ன நாய்க்கு மட்டும் ஏன் இத்தனை கவலை?

எங்கள் வகுப்பில் ஓர் அக்கா இப்படிக் கேட்டார். நல்ல கேள்விதான்.

பொமரேனியன், பக், சிவாவா போன்றவை சின்ன நாய்கள். அழகுக்காக மனிதர்கள் பல தலைமுறைகளாகச் சிறிதாக்கி வளர்த்த இனங்கள். தாயின் இடுப்பு எலும்பு குறுகலாக இருக்கும். குட்டியின் தலையோ உருண்டையாக, பெரிதாக இருக்கும். வழி சின்னது, வருவது பெரியது. அதனால் குட்டி நடுவில் சிக்கிக்கொள்ளலாம். வயிற்றில் ஒரே குட்டி இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒற்றைக் குட்டி நன்றாகப் பெருத்துவிடும்.

முன்கூட்டியே தயாராக இருந்தால் தாயையும் குட்டிகளையும் காப்பாற்றலாம். அதற்கு முதலில் வேண்டியவை ஒரு காலண்டரும் ஒரு நோட்டும்தான்.

நாளை எண்ணுங்கள்

நாய் இணை சேர்ந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சினைக் காலம் சுமார் 63 நாள். சில நாள் முன்னே பின்னே ஆகலாம். 58 நாள் முதல் 68 நாள் வரை பார்க்கலாம்.

ஜூன் 1 அன்று இணை சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 3 அன்று 63 நாள் முடியும். ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 8 வரை எந்த நாளும் குட்டி போடலாம். அந்த நாட்களில் வெளியூர் போகாதீர்கள். நாயைத் தனியே விடாதீர்கள்.

மருத்துவரிடம் காட்டுங்கள்

ஒரு மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேன் செய்தால் சினையா என்று தெரியும். 55 நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுக்கலாம். எத்தனை குட்டி, தலை எவ்வளவு பெரிது என்று அதில் தெரியும். இந்த எண்ணிக்கை மிகவும் முக்கியம். மூன்று குட்டி என்று தெரிந்தால், இரண்டு பிறந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க மாட்டோம்.

அப்போதே இன்னொன்றும் கேளுங்கள். "ராத்திரியில் வலி வந்தால் எங்கே போவது? ஆபரேஷன் எங்கே செய்வார்கள்? எவ்வளவு செலவாகும்?" பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரின் எண்ணையும் எழுதுங்கள். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கலாம். நாய்க்கும் வருவார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

என்ன கொடுக்கலாம்?

முதல் ஐந்து வாரம் வழக்கமான சாப்பாடு போதும். ஆறாவது வாரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது. நாலைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். வெறும் சோறு போதாது. வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி சேருங்கள். வெங்காயம், சாக்லேட் வேண்டாம். அவை நாய்க்கு விஷம்.

சத்துக்காக என்று கால்சியம் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சினையின்போது கொடுத்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு குறைத்துவிடும். பிறகு பால் சுரக்கும்போது சத்து போதாமல் போகும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையும் கூடவே கூடாது.

வலி வருவதை எப்படி அறிவது?

58-வது நாளிலிருந்து காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஆசனவாயில் மெல்ல வையுங்கள். நாயின் உடல் சூடு வழக்கமாக 101 முதல் 102 டிகிரி வரை இருக்கும். அது 99-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி போடும். ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதுங்கள்.

நாய் சாப்பிடாது. மூச்சு வாங்கும். நடுங்கும். துணியைப் பிறாண்டி இடம் தேடும்.

அமைதியான மூலையில் அட்டைப் பெட்டி வையுங்கள். பழைய செய்தித்தாளும் சுத்தமான பருத்தித் துணியும் விரியுங்கள். கொதிக்கவைத்த கத்தரிக்கோல், நூல், உலர்ந்த துண்டு, அயோடின் மருந்து பக்கத்தில் இருக்கட்டும்.

குட்டி பிறந்தவுடன்

குட்டி ஒரு மெல்லிய பையோடு வரும். தாய் அதைக் கிழித்து நக்கும். ஒரு நிமிடத்தில் கிழிக்கவில்லை என்றால் நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு கிழியுங்கள். மூக்கையும் வாயையும் துடையுங்கள். உலர்ந்த துண்டால் நன்றாகத் தேயுங்கள். குட்டி கத்தும். தலைகீழாகப் பிடித்து வீசி ஆட்டாதீர்கள். தலையில் அடிபடும்.

தாய் தொப்புள் கொடியைக் கடிக்கவில்லையா? வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நூலால் கட்டுங்கள். கட்டுக்கு அப்பால் வெட்டி, அயோடின் தடவுங்கள்.

குட்டிக்குத் தன் சூட்டைக் காக்கத் தெரியாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக இடம் விடுங்கள். முதல் நாளே சீம்பால் குடிக்கச் செய்யுங்கள்.

உடனே புறப்படுங்கள்

கீழே உள்ளதில் எது நடந்தாலும் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

1. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை.
2. குட்டியின் காலோ வாலோ வெளியே தெரிந்து, பத்து நிமிடமாகியும் நகரவில்லை.
3. முதல் குட்டி வருமுன் பச்சை நிறத்தில் நீர் வருகிறது.
4. குட்டி மீதி இருக்கிறது. இரண்டு மணி நேரமாக வரவில்லை.
5. உடல் சூடு இறங்கி ஒரு நாள் ஆகியும் வலி வரவில்லை.
6. 68 நாள் தாண்டிவிட்டது.

சிலர் கடையில் ஊசி வாங்கி வந்து போடுவார்கள். வலி வரவழைக்கும் ஊசியாம். குட்டி சிக்கியிருக்கும்போது அதைப் போட்டால் கருப்பை கிழியலாம். தாயும் சாகும். ஊசியை மருத்துவரே போடட்டும்.

பிறகும் கவனம்

குட்டிகளை அடையாளம் வைத்துத் தினமும் எடை போட்டு எழுதுங்கள். எடை நாளுக்கு நாள் ஏற வேண்டும். ஏறாத குட்டிக்குப் பால் போதவில்லை.

குட்டி போட்டு ஒரு மாதம் வரை தாயைக் கவனியுங்கள். மூச்சு இரைக்கிறதா? கால் விறைக்கிறதா? உடம்பு வெட்டி இழுக்கிறதா? இது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சின்ன நாய்களுக்கு அதிகம் வரும். குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு, தாயை உடனே கொண்டு போங்கள். தாமதித்தால் உயிர் போகும்.

தாய் நாய் பயத்தில் கடிக்கலாம். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆபரேஷன் நடந்தாலோ, இனிக் குட்டி வேண்டாம் என்றாலோ, கருத்தடை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கணக்குப் போடுங்கள்

ஒரு நாய் செப்டம்பர் 1 அன்று இணை சேர்ந்தது. 63 நாள் எந்தத் தேதியில் முடியும்? எந்தத் தேதியிலிருந்து வீட்டில் ஒருவர் காவல் இருக்க வேண்டும்? காலண்டரைப் பார்த்து எண்ணி எழுதுங்கள்.

(விடை: நவம்பர் 3. அக்டோபர் 29 முதல் காவல்.)