சோற்றுக்குக் கண் திறக்கும் தாய்மார்

ஜப்பானிய வீடு ஒன்றில், பாலர் பள்ளிக்குப் போகவேண்டிய குழந்தை இன்னும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் விடியற்காலை வேளையில், அதன் தாயார் சமையலறை மேடைமீது குனிந்து, எள்ளைவிடச் சற்றே பெரிதான கரிய கடற்பாசித் துண்டொன்றைச் சிறு இடுக்கியின் நுனியில் பற்றி, மூச்சையும் அடக்கிக்கொண்டு, வெள்ளைச் சோற்றுருண்டை ஒன்றின்மேல் மெல்ல அமர்த்துகிறாள். அதுவரை வெறும் சோறாக இருந்தது அந்தக் கணத்தில் பூனைக்குட்டியாகிவிடுகிறது. நம் ஊர் ஸ்தபதிகள் விக்கிரகத்தின் சகல அங்கங்களையும் செதுக்கி முடித்த பிற்பாடு கண் திறப்பதை மட்டும் கடைசிக் காரியமாக வைத்துக்கொள்வதுபோல, இந்தத் தாய்மார்களும் கண்ணைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். கண் விழுந்த பிறகு அது உணவு மட்டுமல்ல, குழந்தையோடு பள்ளிக்குப் போகும் ஒரு தோழன்.

பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகும் கட்டுச்சோற்றுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் பெந்தோ. 'காரெக்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்துக் 'கியாரா' என்று சுருக்கி, பெந்தோவின் தலைப்பகுதியை அதனோடு ஒட்டவைத்து, கதைப் பாத்திரங்களின் உருவில் அமைந்த பெந்தோவுக்குக் 'கியாராபென்' என்று நாமகரணம் செய்துவிட்டார்கள். சொல் புதிது; இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவலாயிற்று. ஆனால் சோற்றில் சித்திரம் காணும் மனம் புதிதல்ல.

பூர்வ காலத்துப் பிரயாணிகள் வேகவைத்து உலர்த்திய சோற்றை மடியில் கட்டிக்கொண்டு போய், வேண்டிய இடத்தில் தண்ணீரில் ஊறவைத்து உண்டார்கள். எடோ என்று பெயர்பெற்ற காலகட்டத்தில், நாடகக் கொட்டகையில் ஒரு காட்சி முடிந்து மறு காட்சி தொடங்குவதற்குள் உண்பதற்கென்று அழகாக அடுக்கிய பெட்டிகள் வந்தன. 'திரைகளுக்கு நடுவே' என்னும் பொருள்படும் 'மாகுனோஉச்சி' என்ற பெயர் அந்த வகைப் பெந்தோவுக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. ரயில் வந்ததும் ரயிலடிப் பெந்தோ வந்தது. இவற்றையெல்லாம் கடந்து, நமது விஷயத்துக்கு நேரான மூதாதை என்று நான் கருதுவது மிகவும் எளிமையான ஒரு பெட்டியை: செவ்வகம் நிறைய வெள்ளைச் சோறு, அதன் மத்தியில் உப்பிலிட்ட சிவந்த உமெபோஷிப் பழம் ஒன்று. அவ்வளவுதான், ஆயினும் மூடியைத் திறப்பவன் கண்ணுக்கு அது ஜப்பானின் சூரியக் கொடி. சீனாவுடன் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1930களின் கடைசியில், வேறு வியஞ்சனம் எதுவும் இல்லாத இந்த 'ஹினோமாரு' பெந்தோவை உண்பது சிக்கனத்தின் சின்னமாகவும் தேசபக்தியின் சின்னமாகவும் போற்றப்பட்டது. குழந்தையின் சோற்றுப் பெட்டியில் அன்று வரையப்பட்ட படம் ராஜ்யத்தின் படம்.

யுத்தம் முடிந்து வீடுகளில் சற்றே சுபிட்சம் தலைகாட்டியபோது, படமும் மாறிற்று. சிவப்புச் சாயமேற்றிய சிறு தொத்திறைச்சியின் ஒரு முனையைப் பல கால்களாகக் கீறிச் சட்டியில் புரட்டினால், கால்கள் சுருண்டு விரிந்து அது எட்டுக்கால் கணவாயாக எழுந்து நிற்கும்; ஆப்பிள் கீற்றின் தோலில் இரண்டு காதுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சீவினால் முயலாகும். இன்று வயோதிகர்களாகிவிட்ட பலருக்கும் பால்யத்தின் ஞாபகம் என்றால் இந்தக் கணவாயும் முயலும்தாம். அவற்றின் சந்ததியே இன்றைய கியாராபென்.

இந்தக் கலைக்கு ஆதாரம் அரிசி. பொன்னி அரிசியை வடித்து நம் வீட்டில் உருண்டை பிடித்துப் பார்த்தால் குழந்தை வாயருகே கொண்டுபோவதற்குள் உதிர்ந்துவிடும். நாம் வேண்டுவதும் பருக்கை பருக்கையாக நிற்கும் சோற்றைத்தான். ஜப்பானியரின் குட்டையான அரிசியிலோ அமைலோஸ் என்னும் மாப்பொருள் குறைவு; ஆகையால் கஞ்சி வடிக்காமல் அளவு நீரில் வெந்த அந்தச் சோறு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குயவன் கையில் களிமண்போலச் சொன்ன சொல் கேட்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு பிடி சோற்றை வைத்துத் தாளின் முனைகளை முறுக்கி அழுத்தினால் கரடியின் தலை. இன்னும் இரண்டு சிட்டிகைச் சோற்றை அதேபோல் பிடித்தால் காதுகள். சோயா சாறு கலந்தால் பழுப்பு நிறம், வெந்த முட்டையின் மஞ்சள் கரு உதிர்த்தால் கோழிக்குஞ்சின் நிறம், தக்காளிச் சாறு சேர்த்தால் இளஞ்செம்மை, கீரையை அரைத்து விட்டால் தவளைப் பச்சை. நீலந்தான் சங்கடம். உணவுப் பொருள்களில் இயற்கை அந்த வர்ணத்தைக் கஞ்சத்தனமாகவே வைத்திருக்கிறது. குழந்தைகளோ நம் வீட்டுத் தொலைக்காட்சியிலும் குடிபுகுந்துவிட்ட அந்த நீல நிறப் பூனை டோராமோனைத்தான் கேட்டு அடம் பிடிக்கின்றன. கடையில் வாங்கும் வண்ணத் தூளை நாடாமல் இதைச் சாதிக்க வழி ஒன்றுண்டு. நம் வேலியோரங்களில் படரும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீலச் சாற்றைச் சோற்றில் பிசிறினால் போதும். ஆனால் அதில் எலுமிச்சையோ காடியோ ஒரு சொட்டு விழுந்துவிட்டால் டோராமோன் ஊதாப் பூனையாகிவிடும்.

சிறு உபாயங்களில்தான் எத்தனை புத்திசாலித்தனம்! காதைத் தலையோடு பொருத்தவேண்டும். பல் குத்தும் குச்சியைச் செருகினால் குழந்தையின் வாயைப் பதம் பார்த்துவிடும். ஆகவே வேகவைக்காத ஸ்பகெட்டி இழை ஒன்றை ஒடித்து ஆணியாகச் செருகுகிறார்கள். மத்தியானத்துக்குள் அது சோற்றின் ஈரத்தையே குடித்து இளகி, உண்ணத்தக்கதாகிவிடும். பாலாடைக்கட்டித் தகட்டில் உறிஞ்சு குழலின் வாயை அழுத்தினால் வட்டமான வெண்விழி. 'நோரி' என்ற கடற்பாசித் தாளைச் சூடான சோற்றின்மேல் நேராக ஒட்டினால், ஆவி பட்டுச் சுருங்கிச் சிரித்த முகம் அழுத முகமாகிவிடும். சில சமயம் மூடியிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் நோரியை முதலில் பாலாடைக்கட்டியின்மேல் பதித்து, பிறகு அந்தக் கட்டியோடு சோற்றில் வைப்பவளே தேர்ந்தவள். அவித்து ஓடு உரித்த முட்டையைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் இட்டுக் குளிர்ந்த நீரில் சற்று நேரம் வைத்தால், முயல் முகத்தோடு வெளியே வரும்.

முகம் ஏன் நெஞ்சை உருக்குகிறது என்பதற்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தின் கீழ்ப்பாதியில் அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம் ஆகிய சிசுவின் லட்சணங்களைக் கண்ட மாத்திரத்தில் நம் உள்ளத்தில் வாத்ஸல்யம் சுரக்கிறது என்று ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ் 1943-ல் எழுதினார். இந்தத் தாய்மார்கள் அவரைப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் கண்களைச் சற்றுத் தாழ்த்தி, சற்று விலக்கி வைத்தால் கரடி குட்டிக் கரடியாகும் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும்.

இத்தனை சிரமப்பட்டுச் செய்த நண்பனின் முகத்தை எப்படிக் கடிப்பது என்று தயங்கி, பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் குழந்தைகளும் உண்டு. இந்தத் தயக்கத்துக்கு இடமே வைக்காத ஒரு பாத்திரம் ஜப்பானியக் குழந்தைகளின் உலகில் இருக்கிறது. அவன் பெயர் அன்பான்மன். தமிழ்க் காதில் அன்பு தொனிக்கும் அந்தப் பெயருக்கு அவர்கள் பாஷையில் வேறு பொருள்: 'அன்' என்பது இனிப்புப் பயற்றுப் பூரணம், 'பான்' என்பது ரொட்டி. பூரணம் வைத்த ரொட்டியே தலையாக அமைந்த இந்த வீரன், பசித்தவர்களைக் கண்டால் தன் முகத்தையே பிட்டு உண்ணக் கொடுப்பான். ரொட்டி சுடும் கிழவர் அவனுக்குப் புது முகம் சுட்டுப் பொருத்துவார். அவனைப் படைத்த யானசே தகாஷி 1919-ல் பிறந்தவர். ஹினோமாரு பெந்தோவைப் போற்றிய அதே யுத்த காலத்தில் சிப்பாயாகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டுப் பசியின் கொடுமையை அநுபவித்தவர். தம்பியை அந்த யுத்தத்தில் பறிகொடுத்தவர். நேற்று வரை நியாயம் என்று முழங்கப்பட்டது தோல்விக்குப் பின் ஒரே நாளில் அநியாயமாகிவிட்டதைக் கண்ட அவர், எந்தக் காலத்திலும் தலைகீழாக மாறாத நியாயம் ஒன்றுண்டானால் அது பசித்தவனுக்குச் சோறிடுவதே என்ற முடிவுக்கு வந்தார். அன்பான்மன் கதை 1973-ல் படப்புத்தகமாக வந்தபோது, முகத்தைப் பிட்டுத் தின்னக் கொடுப்பதாவது என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். குழந்தைகளோ புத்தகத்தைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. 1988-ல், அவருக்கு 69 வயதானபோது, அது தொலைக்காட்சித் தொடராயிற்று.

சமையலறையில் அன்பான்மனைச் செய்வதும் எளிது: சோயா சாற்றில் பழுப்பேறிய உருண்டைச் சோறு, மூக்குக்கும் கன்னத்துக்கும் மூன்று செவ்வட்டங்கள், கண்ணுக்கும் புருவத்துக்கும் வாய்க்கும் நோரி. கொடியை வரைந்த அதே வெள்ளைச் சோற்றில், தன்னையே உண்ணச் சொல்லிச் சிரிக்கும் இந்த முகத்தை ஒரு தாய் வைக்கும்போது, அந்தத் தேசம் கடந்துவந்த தூரம் முழுவதும் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அழகில் மயங்கி மறந்துவிடக்கூடாத காரியங்களும் உண்டு. பாலர் பள்ளிக் குழந்தையின் பெட்டி 300 முதல் 400 மில்லிலிட்டர் கொள்ளும். இடத்தில் பாதி சோறு, மிச்சப் பாதியில் ஒரு பங்கு மீனோ முட்டையோ இறைச்சியோ, இரண்டு பங்கு காய்கறி என்பது அங்கே போஷாக்கு வல்லுநர் சொல்லும் கணக்கு. முகம் வரைவதற்காகப் பாலாடைக்கட்டியும் தொத்திறைச்சியும் இந்தக் கணக்கை மீறி நுழைந்துவிடுவது சுலபம். மேலும், சித்திரம் நுணுக்கமாக ஆக ஆகக் கை படும் நேரம் கூடுகிறது; நம் தோலிலேயே குடியிருக்கும் கிருமிகள் சோற்றில் இறங்கிப் பெருகுவதற்கு, ஜூன் மாதத்து மழைக்காலப் புழுக்கமும் நாலைந்து மணி நேர அவகாசமும் தாராளம். அதனால்தான் பிளாஸ்டிக் தாளும் இடுக்கியும். அதனால்தான் சூடு முற்றும் ஆறும்வரை மூடியைப் போடக்கூடாது என்ற கண்டிப்பு. திராட்சையையும் சிறு தக்காளியையும் முழுதாக வைத்தால் பார்க்க லட்சணந்தான். ஆனால் பிஞ்சுத் தொண்டையில் அடைத்துக்கொண்டால் ஆபத்து. நாலாக நறுக்கியே வைக்கவேண்டும்.

இவற்றைவிடச் சூக்ஷ்மமான ஒரு துன்பமும் இருக்கிறது. தம் மகனை ஜப்பானியப் பாலர் பள்ளியில் சேர்த்திருந்த அமெரிக்க மானிடவியலாளர் ஆன் அல்லிசன், 1991-ல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில், பெந்தோவைக் குழந்தை மிச்சமின்றி உண்கிறதா என்பதை மட்டுமல்ல, தாய் எவ்வளவு சிரத்தையோடு செய்திருக்கிறாள் என்பதையும் பள்ளி கவனிக்கிறது என்று எடுத்துக்காட்டினார். கியாராபென் வந்தபிறகு அந்தப் பார்வைக்குக் கூர்மை ஏறிற்று. பக்கத்துக் குழந்தையின் பெட்டியில் முயல் துள்ளும்போது, வேலைக்கு ஓடும் அவசரத்தில் தாய் வைத்த வெறுஞ் சோற்றை மூடியால் மறைத்துக்கொண்டு உண்ணும் குழந்தையின் வேதனை சிறியதல்ல. இதை உத்தேசித்துக் கியாராபென் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பாலர் பள்ளிகளும் உண்டு; அவர்கள் சொல்வதை நான் தவறென்று சொல்லமாட்டேன். பதினைந்து பாகங்கள் கொண்ட சித்திரத்துக்காக நான்கு மணிக்கே எழுந்து கண் எரிய நிற்பதைவிட, அவகாசம் உள்ள நாளில் ஒரு சாதாரண உருண்டைக்கு இரண்டு கண் வைத்து அனுப்புவதே தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம்.

பாசத்தின் பாஷை எப்போதும் இனிமையாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. டோக்கியோவுக்குத் தெற்கே நடுக்கடலில் உள்ள ஹாச்சிஜோ தீவில் வாழ்ந்த ஒரு தாய், முகம் கொடுத்துப் பேசாத உயர்நிலைப் பள்ளி மகளைச் சீண்டுவதற்கென்றே, நோரியில் கண்டிப்பு வாசகங்கள் வெட்டி ஒட்டிய கியாராபென்களை நாள்தோறும் கட்டிக் கொடுத்தாள். வாயால் சொன்னால் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண், சோற்றில் எழுதினால் படித்துத்தானே ஆகவேண்டும்! அந்தக் கதை புத்தகமாகி, 2019-ல் திரைப்படமாகவும் வந்தது. ககாவா மாநிலத்தில் தகினோமியா ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியர் தகேஷிதா கஸுவோ இதற்கு எதிர்த்திசையில் போனார்; 2001-ல் அவர் தொடங்கிய 'பெந்தோ நாள்' அன்று, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே காய் வாங்கி, சமைத்து, பெட்டியில் அடுக்கிக் கொண்டுவரவேண்டும்; பெற்றோர் கை வைக்கக்கூடாது. தாயின் விடியற்காலை எப்படிப்பட்டது என்பது அன்று பிள்ளையின் விரல்களுக்கே புரிந்துவிடுகிறது.

ஆனால் பாலர் பள்ளிக் குழந்தைக்கு அதற்கெல்லாம் இன்னும் வயதாகவில்லை. அது சாயங்காலம் வீட்டுக்குள் ஓடிவந்து, சுருக்குப் பையைத் தாயிடம் நீட்டிவிட்டு விளையாடப் போய்விடுகிறது. கையில் வாங்கும்போதே கனத்தை வைத்துத் தாய்க்குத் தெரிந்துவிடும். இன்று பை லேசாக இருக்கிறது. நீர்த்தொட்டியருகே நின்று மூடியைத் திறக்கிறாள். காதும் கன்னமும் கீரையும் கேரட்டும் போன இடம் தெரியவில்லை. மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, சற்றே சுருங்கி, இரண்டு கரிய நோரிக் கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நாளைக்கு அடியில் பாலாடைக்கட்டி வைக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டே அவள் குழாயைத் திறக்கிறாள்.