பயன்படுத்திய தானுந்துகளில் ஒலி, அதிர்வு அறிதல்

பயன்படுத்திய தானுந்துகளில் ஒலி, அதிர்வு அறிதல் என்பது, ஏற்கனவே ஓடிய ஒரு தானுந்தில் (கார்) எழும் இயல்பற்ற ஓசைகளையும் நடுக்கங்களையும் கொண்டு, அதன் எவ்வுறுப்பு தேய்ந்துள்ளது எனக் கண்டறியும் முறை ஆகும். ஓசை எப்படிக் கேட்கின்றது என்பதை விட, அது எதனோடு சேர்ந்து மாறுகின்றது என்பதே இதில் முதன்மையானது. "கடகட", "டொக் டொக்" போன்ற விவரிப்புகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் பொறியின் (என்ஜின்) வேகத்தைப் பின்பற்றும் ஓசையும், சக்கரத்தின் வேகத்தைப் பின்பற்றும் ஓசையும் ஒரே உறுப்பிலிருந்து வருவது அரிது.

அடிப்படைச் சோதனை

வெறுமையான நேர்ச்சாலையில் மணிக்கு ஏறத்தாழ 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால், பொறியின் வேகம் தாழும். சக்கரத்தின் வேகம் உடனே குறையாது. ஓசை அப்போதே மறைந்தால் அது பொறியையோ அதனுடன் சுழலும் பகுதியையோ சார்ந்தது. மறையாமல் நீடித்தால் டயர், வீல் பேரிங், பிரேக் ஆகியவற்றில் தேடவேண்டும். இச்சோதனையின்போது சாவியைத் திருப்பிப் பொறியை நிறுத்துதல் ஆபத்தானது. பிரேக்கிற்குக் கிடைக்கும் வெற்றிட உதவி இழக்கப்படுவதுடன், சாவியை முழுதும் திருப்பினால் திசைமாற்றியும் (ஸ்டீயரிங்) பூட்டிக்கொள்ளக்கூடும்.

வீல் பேரிங்கின் முனகலையும் டயரின் இரைச்சலையும் பிரித்தறிவது சற்றுக் கடினம். வண்டி இடப்புறம் வளையும்போது எடை வலப்புறச் சக்கரங்களின் மேல் சாய்கின்றது. அப்போது முனகல் கூடினால் வலப்புற பேரிங் ஐயத்திற்குரியது. டயர் இரைச்சல் இவ்வாறு தெளிவாக மாறுவதில்லை. சாலையின் மேற்பரப்பு மாறும்போதே மாறும்.

இரு அமைப்புகள்

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய இரு தானுந்துகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். 1958 முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட இந்துஸ்தான் அம்பாசடர், பின்சக்கர இயக்கம் உடையது. முன்னாலுள்ள பொறியின் ஆற்றல் நீண்ட புரோப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்அச்சிற்குச் செல்கின்றது. அதன் மூட்டுகளிலுள்ள கிராஸ் தேய்ந்தால், கியரைப் போட்டு வண்டியை நகர்த்தும் கணத்தில் அடியிலிருந்து ஒரு "டங்" ஓசை எழும். ஷாஃப்ட் சக்கரத்தைப் போல் நான்கு மடங்கிற்கும் மேலான வேகத்தில் சுழல்வதால், அதில் ஏற்படும் சிறு சமனின்மையும் தரை முழுவதும் உணரப்படும்.

1983 முதல் 2014 வரை வெளிவந்த மாருதி 800 முன்சக்கர இயக்கம் உடையது. அதில் புரோப்பல்லர் ஷாஃப்ட் இல்லை. மாறாக, முன்சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுகளில் சி.வி. ஜாயிண்ட்டுகள் உள்ளன. அவற்றை மூடிய இரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறிப் புழுதி உட்புகும். பின்னர், திசைமாற்றியை முழுதும் திருப்பி வண்டியை நகர்த்தும்போது "டக் டக்" எனச் சீரான ஓசை கேட்கும். உறை கிழிந்த நிலையிலேயே கண்டால் செலவு மிகக் குறைவு. ஓசை தொடங்கிய பின் ஜாயிண்ட்டையே மாற்ற நேரிடும்.

மாருதி 800 வண்டியின் மூன்று உருளைப் பொறி, நின்ற நிலையில் சற்று நடுங்குவது இயல்பே. நிமிடத்திற்கு 900 சுற்றுகளில் நொடிக்கு 22 அல்லது 23 எரிதல்களே நிகழ்கின்றன. நான்கு உருளைப் பொறிக்குப் பழகியவர்கள் இதனைப் பழுதெனக் கருதுவதுண்டு. பொறியைத் தாங்கும் இரப்பர் மவுண்ட்டுகள் இறுகிவிட்டால் இந்நடுக்கம் மிகும்.

மதுரைச் சாலைகளில்

மதுரையின் நகரமைப்பு இவ்வாய்விற்கு எதிர்பாராத வசதியைத் தருகின்றது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் ஒவ்வொரு மூலையிலும் ஏறத்தாழ செங்கோணத்தில் மெதுவாகத் திரும்பவேண்டும். சி.வி. ஜாயிண்ட், திசைமாற்றி ஆகியவற்றின் குறைகள் இங்கு வெளிப்படும். கூட்டமில்லா அதிகாலையில் மட்டுமே இது இயலும் என்பது வேறு.

அதிவேக நடுக்கத்தை அறிய, கப்பலூர் வழியே திருமங்கலம் செல்லும் நான்குவழிச் சாலை (தேசிய நெடுஞ்சாலை 44) ஏற்றது. 145/70 ஆர்12 அளவுள்ள மாருதி 800 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். ஆகவே 80 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுழல்கின்றது. 15 அங்குலச் சக்கரமுடைய அம்பாசடரில் இது ஏறத்தாழ 11 முறை. சக்கரமும் அச்சும் சேர்ந்து மேலும் கீழும் துள்ளும் இயல்பதிர்வும் பெரும்பாலும் நொடிக்கு 10 முதல் 15 வரை அமைவதால், சமனற்ற சக்கரம் இவ்வேகங்களில் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றது. குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதைத் தாண்டியதும் தணியும் நடுக்கத்தின் காரணம் இதுவே. நடுக்கம் திசைமாற்றியில் உணரப்பட்டால் முன்சக்கரங்களையும், இருக்கையில் உணரப்பட்டால் பின்சக்கரங்களையும் முதலில் வீல் பேலன்சிங் செய்து பார்ப்பர். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் டிஸ்க்கின் தடிப்பு சீரற்றுத் தேய்ந்திருக்கலாம்.

திருமங்கலத்திற்குத் தெற்கே கரிசல் நிலம் தொடங்குகின்றது. கரிசல் மண் மழையில் பருத்து, கோடையில் வெடித்துச் சுருங்குவதால், அதன்மீது இட்ட சிற்றூர்ச் சாலைகள் அலை அலையாக மாறுகின்றன. இச்சாலைகளில் தொங்கலமைப்பின் (சஸ்பென்ஷன்) புஷ், ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட் ஆகியன விரைவில் தேய்கின்றன. 40 பாகை செல்சியசை எட்டும் கோடை வெப்பம் இரப்பர் புஷ்களை மேலும் இறுகச் செய்கின்றது. மேடுபள்ளத்தில் கேட்கும் "டொக்" ஓசை புஷ்ஷினால் என்றால் சில காலம் பொறுக்கலாம். பால் ஜாயிண்ட்டினால் என்றால் பொறுக்கலாகாது. அது கழன்றால் சக்கரம் சாய்ந்து வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். எனவே வண்டியை ஜாக்கியில் உயர்த்தித் தாங்கிகளின் மேல் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது வழக்கம்.

பொறி ஓசைகளும் மறைப்புகளும்

மெல்லிய, சீரான "டிக் டிக்" ஓசை பெரும்பாலும் டேப்பட் இடைவெளி கூடியதைக் குறிக்கும்; இதைச் சரிசெய்வது எளிது. ஆழ்ந்த, கனத்த தட்டல் சுமையேறும்போது மிகுந்தால் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கலாம். இதற்குப் பொறியையே பிரிக்கவேண்டும் என்பதால், வண்டியின் விலையை மறுபரிசீலனை செய்யவேண்டிய ஓசை இது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலிலும் ஏற்றத்தில் தட்டல் ஓசை கேட்கும். நல்ல எரிபொருள் இட்டதும் அது நின்றுவிட்டால் பேரிங் காரணமன்று.

தடித்த எண்ணெயும், முன்னரே சூடாக்கப்பட்ட பொறியும் இவ்வோசைகளை மறைத்துவிடும். கியர் பெட்டியின் இரைச்சலை அடக்க மரத்தூள் இடுவதும் பழைய வணிகத் தந்திரமே. ஆகவே வண்டியைப் பார்க்கச் செல்பவர், இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் தம் முன்னிலையிலேயே கிளப்பச் சொல்வது வழக்கம். கிளப்பும் முன் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, அது சூடாக இருந்தால் மற்றொரு நாள் வருவர்.