பணமாக வராத போர் இழப்பீடு

போர் இழப்பீடு என்றால் தோற்ற நாடு கஜானாவைத் திறந்து பணத்தை எண்ணி வைக்கும் என்றுதான் நினைப்போம். ஜப்பான் பர்மாவுக்குக் கொடுத்தது அப்படி இல்லை.

1942-லிருந்து 1945 வரை பர்மா ஜப்பானின் பிடியில் இருந்தது. 1948-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாடு, 1951-ல் சான்பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டுக்குப் போக மறுத்தது. ஜப்பான் ஈடுகட்ட வேண்டும், ஆனால் முழுதாகக் கட்ட வசதியில்லை, ஆகவே உழைப்பாகத் தரலாம் என்றது அங்கே எழுதப்பட்ட விதி. கம்யூனிச நாடுகளுக்கு எதிராக ஜப்பானை நிமிர்த்த நினைத்த அமெரிக்காவின் கைவண்ணம் அது. இந்தியாவும் போகவில்லை, ஆனால் 1952-ல் தனி ஒப்பந்தம் போட்டு, இழப்பீடே வேண்டாம் என்றுவிட்டது. பர்மா விடவில்லை.

1954 நவம்பரில் ரங்கூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்து ஆண்டுகளில் 20 கோடி டாலர். கூட்டுத் தொழில்களுக்கு மேலும் 5 கோடி. பணம் மட்டும் பர்மாவுக்கு வராது. தனக்கு வேண்டியதை பர்மா ஜப்பானியக் கம்பெனிகளிடம் கேட்கும். கம்பெனிக்கு ஜப்பான் அரசு யென்னில் கொடுக்கும். பலூச்சாங் நீர்மின் நிலையம் இப்படித்தான் எழுந்தது. நாட்டுக்குத் தேவையான திட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் இயந்திரம் எந்த ஊரோ, உதிரிபாகமும் அந்த ஊர்தானே! கடனைத் தீர்த்தபடியே ஜப்பான் சந்தையும் பிடித்தது.

பர்மாவும் ஏமாளி இல்லை. மற்ற நாடுகளுடன் கணக்கு முடிந்ததும் தன் பங்கை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தது. 1956-ல் பிலிப்பைன்ஸுக்கு 55 கோடி டாலர் என்று முடிவானதும் அந்த வரிக்கு உயிர் வந்தது. இழுபறிக்குப் பின் 1963-ல் மேலும் 14 கோடி டாலர் கொடையும் 3 கோடி டாலர் கடனும் கிடைத்தன. அந்த ஒப்பந்தத்தில் சாமர்த்தியமான வரி அதுதான் என்பேன்.

இவையெல்லாம் அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. மக்கள் இழந்ததோ வேறு கணக்கு. போர்க்காலத்தில் ஜப்பான் போடவைத்த சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்டவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். அப்போது மலாயா பிரிட்டிஷ் காலனி. சான்பிரான்சிஸ்கோவில் கையெழுத்திட்டு உரிமையை விட்டுக்கொடுத்தது பிரிட்டன். பின்னர் 1967-ல் மலேசியாவுக்கு ஜப்பான் 2.5 கோடி மலேசிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அதுவும் பொருளாகவும் சேவையாகவும்தான். தண்டவாளம் போட்டவர்களின் குடும்பங்களுக்குப் பணமாக அல்ல.