ராக்கெட்டைச் சுற்றிய சில மில்லிமீட்டர்

தங்கை மகள் இயற்பியல் படிக்கிறாள். சங்குமுகம் கடற்கரையில் கட்டன் சாயா வந்ததும் கேட்டாள்: "மின்னூட்டம் ஏறிய உலோகத்தை விட்டு விலகிப் போனா வோல்ட்டேஜ் குறையும்னு பாடத்துல இருக்கு மாமா. நிஜமா அளந்து பாத்திருக்காங்களா?"

முதலில் பாடக் கணக்கு. 15 செ.மீ. ஆரமுள்ள தனி உருண்டையில் 10,000 வோல்ட் என்றால், மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி 5,000, 60 செ.மீ.யில் 2,500. நீண்ட கம்பிக்குக் கணக்கு வேறு. அதன் அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளியிருந்து 2 செ.மீ.க்குப் போகும்போது எவ்வளவு இறங்குமோ, அதே அளவுதான் 2-லிருந்து 4-க்கும், 4-லிருந்து 8-க்கும்.

அளப்பதில்தான் வம்பு. காற்றில் மல்டிமீட்டர் முனையை நீட்டிப் பயனில்லை. மீட்டர் காட்டக் கொஞ்சமாவது மின்னோட்டம் வேண்டும், காற்று அதைத் தராது. அதனால்தான் லேபில் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, இரண்டு உலோகத் துண்டுகளை நிறுத்தி, சில வோல்ட் ஏசி கொடுத்து, முனையை நகர்த்தி நகர்த்திக் குறிக்கிறார்கள். டிசி என்றால் உலோகத்தில் குமிழி கட்டி அளவு கெடும்.

"அது தண்ணி. வானத்துல?"

வடக்கே கை காட்டினேன். தும்பா. 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கிருந்த தேவாலயத்தையும் ராக்கெட் பாகம் சுமந்த சைக்கிளையும் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அந்த இடத்தைத் தேர்ந்த காரணத்தை யாரும் பேசுவதில்லை. காந்த நடுக்கோடு அப்போது அதை ஒட்டிப் போனது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கி.மீ. உயரத்தில், பகலில் பெரிய மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. அதைத் துருவத்தான் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சத்ய பிரகாஷும் உடனிருந்தவர்களும் லாங்மியூர் புரோப் என்ற அளவுக்கருவியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள்.

"அங்கே ராக்கெட்டே ஒரு மின்னூட்டக் கடத்திதான், மக்களே," என்றேன். அந்த உயரத்தில் எலக்ட்ரானும் அயனியும் தனித்தனியே அலைகின்றன. எலக்ட்ரான் இலேசு, வேகம் அதிகம். அயனியைவிடக் கூடுதலாக வந்து மோதும். ராக்கெட்டின் உடம்பு மைனஸ் பக்கம் இறங்கும். வரும் எலக்ட்ரான்களைப் போதிய அளவு அதுவே விரட்டத் தொடங்கியதும் நிலைப்படும்.

வெற்றிடமாக இருந்தால் அந்த வோல்ட்டேஜின் வாடை மீட்டர் கணக்கில் பரவியிருக்கும். இங்கே விடாது. சிந்திய சர்க்கரையை எறும்பு மூடுவதுபோல நேர் அயனிகள் சுற்றிலும் மொய்த்து மறைத்துவிடுகின்றன. ஒரு கன செ.மீ.க்கு ஒரு லட்சம் எலக்ட்ரான், அறை வெப்பம் என்று வைத்துக்கொண்டால், தோராயமாக ஒவ்வொரு 4 மில்லிமீட்டருக்கும் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் மிஞ்சும். 2 செ.மீ. தள்ளினால் நூற்றில் ஒன்றுகூட இல்லை.

"அப்போ புரோப் என்னத்த அளக்கும்?"

அது தூரத்தை மாற்றுவதில்லை, வோல்ட்டேஜை மாற்றுகிறது. மைனஸிலிருந்து பிளஸுக்கு ஏற்றிக்கொண்டே வந்து, எவ்வளவு மின்னோட்டம் சேர்கிறது என்று பார்த்தால், எலக்ட்ரான் எத்தனை, எவ்வளவு சூடு என்பது தெரியும்.

அங்குள்ள மின்புலமே வேண்டும் என்றால் ஒரு புரோப் போதாது. ராக்கெட்டிலிருந்து நீண்ட கைகளை எதிரெதிரே நீட்டி, நுனிக்கு ஒன்றாக இரண்டு உருண்டை. இரண்டையும் ஒரே மாதிரி அயனி மேகம் மூடியிருந்தால் கழித்தலில் அது போய்விடும். இருவேறு இடத்து வோல்ட்டேஜ் வித்தியாசம் மட்டும் நிற்கும். ஓர் உருண்டையின் மேற்பூச்சு மட்டும் வேறுபட்டாலும் போதும், கணக்கு சாய்ந்துவிடும்.